பத்தாவது தலை

காலை ஆறேகாலுக்குத் தொலைபேசி.
"ஒன்பது பேர் இருக்கிறோம்" என்றார் ஷபெத்தாய்.
வேறொன்றும் சொல்லவில்லை.
சொல்லத் தேவையுமில்லை.

மொந்தேவிதேயோவில் ஜூலை மாதம்.
ஆற்றுக் காற்று
சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாய் எண்ணிப் பார்க்கும்.
என் பேருந்து கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம்.
சீருடையோடு நடந்தேன்.
ஓட்டுநர் தொப்பி பணிமனையில்.
என் கிப்பா
வேறொரு கால்சட்டையின் பையில்,
வீட்டில், நாற்காலி முதுகில்.

ஜெப ஆலய வாசலில் ஒரு மரப்பெட்டி,
வெறுந்தலையோடு வருபவர்களுக்காக.
பழைய கல்யாணங்களின் மிச்சமெல்லாம் அதற்குள்தான்.
நீலச் சாட்டின், ஊதா வெல்வெட்,
யாரோ ஒரு பையனின் பதின்மூன்றாம் பிறந்தநாளுக்குக்
கால்பந்து போலத் தைத்த ஒன்று.
அந்தப் பையனுக்கு இப்போது வழுக்கை.

கைக்கு வந்ததை எடுத்தேன்.
சாம்பல் நிறம், ஓரத்தில் நூல் பிரிந்தது.
உள்துணியில் பொன்னெழுத்து, பாதி உதிர்ந்து:
ரேய்னா – நிசிம்.
மார்ச் பதினேழு.
ஆண்டு அழிந்துவிட்டது.
எனக்குத் தெரியும் ஆண்டு.

இருநூறு தைக்கக் கொடுத்தோம்.
நூற்றெண்பது போதும் என்றாள் அவள்.
அவள் சொன்னதே சரி.
பிரிந்தபோது
கரண்டிகளைக்கூட எண்ணிப் பங்கு வைத்தோம்.
இவற்றை மட்டும் யாரும் கேட்கவில்லை.
விருந்தினரின் கோட்டுப் பைகளில் ஊரெல்லாம் சுற்றிவிட்டு
ஒவ்வொன்றாய் இங்கே திரும்பியிருக்கின்றன,
பூனைகளைப் போல.

வேறொன்று எடுக்கலாமா?
கை பெட்டிமேல் நின்றது.
உள்ளே யாரோ இருமினார்.
மருந்துக்கடை மர்தோகெயோ.
தாயை அடக்கம் செய்து மூன்று வாரம்,
மழிக்காத தாடி.
பத்துப் பேர் இல்லாமல்
அவளுக்கான அந்த அரமேய வாக்கியங்களை
அவன் வாய்விட்டுச் சொல்ல முடியாது.

அணிந்துகொண்டேன்.

தலையெழுத்து யாருக்கும் படிக்கக் கிடைக்காது என்பார்கள்.
என்னுடையது அச்சகத்தில் அடித்தது.
பிழை திருத்தியது ரேய்னா.

சால்வையை இழுத்துத் தலைமேல் போர்த்தினால்
ஒரு கணம் கம்பளிக்குள் வெள்ளை இருட்டு.
என் மூச்சு, பிறர் வியர்வை, கொஞ்சம் நாப்தலின்.
முக்காடெல்லாம் எனக்கு ஒத்துவராது என்றவள்
சனிக்கிழமைகளில் மட்டும்
பச்சைத் துணியொன்றைக் கூந்தல்மேல் கட்டுவாள்,
ஊசியைப் பல்லில் கடித்தபடி,
என்னோடு பேசிக்கொண்டே.
என்ன பேசினாள் என்பது நினைவில்லை.
ஊசி நினைவிருக்கிறது.

தெஃபிலினும் இரவல்.
இறந்துபோன தையல்காரர் ஒருவருடையது.
அவருக்குப் பெரிய தலை;
முடிச்சு என் பிடரியில் நிற்காமல் நழுவியது.
நெற்றிக்கு மேலே அவருடைய கறுப்புப் பெட்டி,
உச்சியில் என் கல்யாணம்.
இடக்கையில் தோல்வார் ஏழு சுற்று.
இறுக்கிச் சுற்றினேன், பழக்கம் விட்டவன் சுற்றுவதுபோல.

மர்தோகெயோ எழுந்தான்.
மூன்றாவது சொல்லில் குரல் உடைந்தது.
நாங்கள் "ஆமென்" என்றோம்,
ஒரு குரல் கொஞ்சம் முந்தி,
ஒரு குரல் கொஞ்சம் பிந்தி.
பிந்தியது நான்.

ஏழேகாலுக்கு ஸ்டீயரிங் முன்னால்.
மூன்றாம் நிறுத்தத்தில் ஏறிய பள்ளிச் சிறுமி
சில்லறையை நீட்டிவிட்டு என் கையைப் பார்த்தாள்.
முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை
வரிவரியாய்ச் சிவப்புத் தடம்.
"யாராவது கட்டிப் போட்டார்களா?"
"ஆமாம்."
"எவ்வளவு நேரம்?"
"முக்கால் மணி."
அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.
சன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.

துறைமுகம் தாண்டுகையில் தடம் மங்கத் தொடங்கியது.
ஓட்டுநர் தொப்பியைச் சரிசெய்யத் தூக்கினால்
அடியில் இன்னொன்று.
கழற்ற மறந்திருக்கிறேன்.

கொண்டுபோய்ப் போட வேண்டும்.
வெறுந்தலையோடு எவனாவது வருவான்,
உள்துணியைப் பார்க்காமலே மாட்டிக்கொள்வான்.

நாளைக்கும் அவர்கள் ஒன்பது பேராகத்தான் இருப்பார்கள்.